ஏபிஎஸ் பெட்டியைத் திறந்து ஈயம் வைத்தது: 2002 சபர்பன் பிரேக் வேலை

பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது ஏபிஎஸ். அதன் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் பலரும் கண்டுகொள்வதில்லை. மிதித்தால் வண்டி நிற்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் 2002 ஷெவ்ரலே சபர்பனில் மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தது. பார்க்கிங் பிரேக் விடுவித்துத்தான் இருந்தது. பிரேக் ஆயிலும் குறையவில்லை. அப்படியும் சிவப்பு எரிந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் போகலாம் என்று பார்த்துக்கொள்வதும் ஏபிஎஸ் மாட்யூல் என்ற எலெக்ட்ரானிக் பெட்டியின் வேலைதான். அந்தக் காலத்து வண்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு வால்வு இருக்கும். இதில் மாட்யூலே அதைச் செய்கிறது. மாட்யூல் படுத்துவிட்டால், ஓங்கி மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளலாம். ஈரத்தில் பின்சக்கரம் பூட்டினால் வண்டியின் வால் பக்கம் முன்னால் வந்துவிடும். நாங்கள் இருப்பது மிச்சிகனில், வருடத்தில் நான்கைந்து மாதம் சாலையில் ஈரமோ பனியோ இருக்கும் ஊர். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது.

ஒரு கடையில் காட்டினேன். யூனிட்டை முழுசாக மாற்ற வேண்டும், கழற்றும்போது குழாய்கள் உடைந்தால் அவற்றுக்குத் தனியாகக் காசு என்றார்கள். சொன்ன தொகை வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தொட்டது. காசு ஒரு பக்கம். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்காமலே முழுசையும் மாற்றச் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் நானே இறங்கினேன். இதே மாதிரி விளக்கோடு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஏபிஎஸ் யூனிட் என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். நடுவில் ஒரு அலுமினியக் கட்டி. பிரேக் குழாய்கள் எல்லாம் இதில்தான் வந்து சேர்கின்றன, வால்வுகள் இதற்குள்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் உருளையாக ஒட்டிக்கொண்டிருப்பது பம்ப் மோட்டார். இன்னொரு பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அதுதான் எலெக்ட்ரானிக் மாட்யூல். வால்வுகளின் தண்டுகள் அலுமினியக் கட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இயக்கும் காயில்கள் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். காயில்கள் தண்டுகளின் மேல் தொப்பி போல உட்காருகின்றன, அவ்வளவுதான். அதனால் கறுப்புப் பெட்டியை மட்டும் உருவி எடுக்கலாம். ஒரு குழாயையும் அவிழ்க்க வேண்டாம், ஒரு சொட்டு ஆயில் சிந்தாது, பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையும் கிடையாது.

குழாயை அவிழ்க்காமல் வேலை முடிவது எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் ஒரு பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. அங்கே வெட்டுகிற கல்லுப்பு பனியை உருக்கச் சாலைகளுக்குப் போகிறது. அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றில் அடித்து அடித்து, எஃகுக் குழாய்களின் நட்டுகள் குழாயோடு ஒன்றாகத் துருப்பிடித்துவிடுகின்றன. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் நட்டோடு குழாயும் முறுக்கிக்கொண்டு உடையும். இந்த வகை வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடிப்பது பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு பல வருடம் விசாரித்து, 2015-இல் விசாரணையை முடித்தது. வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு வரவில்லை. குளிர்காலம் முடிந்ததும் அடிப்பகுதியைக் கழுவுங்கள், குழாய்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரைதான் வந்தது. ஆகவே குழாயில் கை வைக்காமல் முடிகிற வழி இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோடு என்ன சொல்கிறது

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுதான் கோடு (code), அதைப் படிக்கும் கருவி ஸ்கேனர். மலிவான ஸ்கேனர்கள் என்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். பிரேக், சேசிஸ் சம்பந்தப்பட்ட கோடுகள் 'சி' என்று ஆரம்பிக்கும். அவற்றைப் படிக்க ஏபிஎஸ் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும். நண்பரிடம் வாங்கிவந்து மாட்டினேன். சி0265, சி0201 இரண்டும் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. முதலாவது பம்ப் மோட்டார் ரிலேயின், அதாவது மாட்யூல் சொன்னால் கரண்டை விடும் மின் சுவிட்சின், மின்பாதை பற்றியது. இரண்டாவது ஏபிஎஸ் ரிலேயின் காண்டாக்ட் திறந்தே கிடக்கிறது என்பது. ரிலேயை மூடச் சொல்லி மாட்யூல் கட்டளை கொடுக்கிறது, மறுமுனையில் வர வேண்டிய வோல்ட்டேஜ் வரவில்லை. அவ்வளவுதான் அந்தக் கோடுகளின் பொருள். ரிலே கெட்டுவிட்டது என்றோ மாட்யூல் செத்துவிட்டது என்றோ அவை சொல்வதில்லை. கோடைப் படித்த உடனே பாகத்தை ஆர்டர் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் காசை இழக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு அண்ணன் இருக்கிறார். சேலத்தில் பல வருடம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி மின் இணைப்பு வைக்கும் வேலை என்றால் எனக்கு அவர்தான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த்த பாத்தியா தம்பி?"

அவர் கார் மெக்கானிக் இல்லை. ஆனால் கேள்வி மிகச் சரியானது. சபர்பனின் மாட்யூல் ஓட்டுநர் காலுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தின் உள்பக்கம் இருக்கிறது. அதன் எர்த் ஒயர் பக்கத்திலேயே சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கும். மழை, சேறு, உப்பு எல்லாம் நேராக அடிக்கிற இடம். இதே கோடுகள் வந்தால் முதலில் இந்த எர்த்தைப் பாருங்கள், துருப்பிடித்திருந்தால் சட்டத்தில் வேறு நல்ல இடத்தில் மாற்றி முறுக்குங்கள் என்று தயாரிப்பாளரே மெக்கானிக்குகளுக்குச் சேவைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறார். மாட்யூலோடு தொடர்பே இல்லை என்று சொல்லும் யூ1041 கோடும் அதே குறிப்பில் உண்டு.

எர்த்தை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். பம்ப் மோட்டார் ஓடும்போது அந்த ஒற்றை இழையால் கரண்டைத் தாங்க முடியாது. சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும். மாட்யூலின் பெரிய கனெக்டரைக் கழற்றினேன். ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்து, ஒரு முனையை ஃப்யூஸ் வைத்த ஒயரால் பேட்டரி பாசிட்டிவுக்கும், மறுமுனையைக் கனெக்டரில் இருக்கும் எர்த் பின்னுக்கும் கொடுத்தேன். பல்பு எரிந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக. எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். 0.7 வோல்ட். நல்ல எர்த் என்றால் 0.1-க்குள் இருக்க வேண்டும். நாலரை ஆம்பியருக்கே இவ்வளவு தொலைகிறது என்றால் மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு என்ன மிஞ்சும்?

எர்த் போல்ட்டைப் பார்க்க வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலை மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. துரு இளக்கி அடித்து ஊறவிட்டு அவிழ்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒயரின் வளைய டெர்மினலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் காகிதம் மாதிரி ஒரு துருப் படலம், விரல் வைத்தால் அடுக்கடுக்காக உதிர்ந்தது. டெர்மினலின் ஒரு பக்கம் அரித்து மெலிந்திருந்தது. டெர்மினலை வெட்டிப்போட்டு, ஒயரைப் பளபளவென்று செம்பு தெரியும்வரை சீவி, புது டெர்மினல் அழுத்தி, சூடாக்கினால் சுருங்கும் பசை வைத்த குழாயைப் போட்டேன். சட்டத்தில் கொஞ்சம் தள்ளி நல்ல இடமாகப் பார்த்து, பெயிண்டைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்ததும் புது போல்ட்டில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். திரும்ப அளந்தேன், 0.04 வோல்ட். பல்பும் வெள்ளையாக எரிந்தது. பாசிட்டிவ் ஒயர்களையும் அதே பல்பை வைத்துப் பார்த்தேன், அவை சுத்தம்.

இந்த இடத்திலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும். விளக்கு அணைந்துவிடும். எனக்கும் அணைந்தது. சில வாரம் நிம்மதியாக ஓடிவிட்டுத் திரும்ப வந்தது, இந்த முறை ஒரு ஒழுங்கோடு. காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்தால் விளக்கு வராது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் வரும். மேடு பள்ளத்தில் இறங்கினால் சில சமயம் உடனே வரும். ஒயரில் குறை என்றால் பெரும்பாலும் இப்படிச் சூட்டைப் பார்த்து வராது. மாட்யூலுக்குள் எங்கோ விரிசல் இருந்து, சூட்டில் விரிந்து விலகுகிறது என்று தோன்றியது.

அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சாவியைப் போட்டு, ஒருவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மாட்யூலை மெல்லத் தட்ட வேண்டும். அதற்கு முன் ஹேர் டிரையரால் பெட்டியைச் சூடாக்கினேன். என் மகள் உள்ளே உட்கார்ந்து, "வந்துடுச்சுப்பா" என்று கத்தினாள். அதற்கு மேல் சந்தேகம் இல்லை.

சக்கர சென்சார் பற்றி ஒரு வார்த்தை

மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இதே குடும்பத்து வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. வண்டி நிற்கப் போகும் நேரத்தில், மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டிலேயே பெடல் கடகடவென்று உதறி ஏபிஎஸ் தானாக வேலை செய்யும். வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. விளக்கு எதுவும் எரியாது. இதற்குக் காரணம் மாட்யூல் இல்லை. சக்கரம் சுற்றும் வேகத்தை மாட்யூலுக்குச் சொல்லும் சென்சார் முன்சக்கர ஹப்பில் உட்காரும் இடத்தில் துரு வளர்ந்து சென்சாரை மேலே தூக்கிவிடுகிறது. பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடுவதால், மெதுவாகப் போகும்போது சிக்னல் வலுவிழந்து மறைந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று மாட்யூல் நினைத்து அழுத்தத்தை விட்டுவிடும். இதற்காக 2005-இல் 1999 முதல் 2002 வரையிலான சுமார் 8 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உப்புக் கொட்டும் 14 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இருந்த வண்டிகளுக்கான அழைப்பு அது. மிச்சிகனும் அதில் உண்டு. உங்கள் வண்டியில் வரும் தொல்லை இப்படி இருந்தால் சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் வழி. மாட்யூலைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது.

கழற்றுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சபர்பன் மாதிரி கனத்த வண்டிக்கு அடியில் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. சமதளமான சிமெண்ட் தரை, இரண்டு நல்ல ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்குக் கட்டை. இதில் எதுவும் குறையக் கூடாது.

அதன்பின் மாட்யூலைத் தொடுவதற்கு முன்பே சுற்றிலும் சுத்தம் செய்துவிட வேண்டும். பல வருடச் சேறும் உப்பும் கெட்டியாகப் படிந்திருக்கும். பெட்டியை உருவும்போது அது வால்வுத் தண்டுகளின் மேல் விழுந்தால் தொல்லை. பிரஷ்ஷால் உதறி, பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். நேராக அடித்தால் கனெக்டர் ரப்பர் கெட்டுப்போகும்.

பெரிய கனெக்டரின் பூட்டை விடுவித்து இழுத்தாயிற்று. மோட்டாரிலிருந்து வரும் இரண்டு பின் பிளக்கையும் கழற்றியாயிற்று. இது வெளியே இருப்பதால் மோட்டாரைத் தனியாகச் சோதிக்க முடியும். ஃப்யூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட் கொடுத்தேன். விர்ரென்று சுற்றி நின்றது. இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். மோட்டாரே இறுகிப்போயிருந்தால் எலெக்ட்ரானிக் பெட்டியைச் சரிசெய்து என்ன பயன்?

பெட்டியைப் பிடித்திருப்பவை நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் டி20 தலை போல்ட்டுகள். சட்டத்துக்குப் பக்கமாக இருப்பவற்றுக்கு நேராகக் கருவி நுழையாது. குட்டையான பிட்டைச் சின்ன ராட்செட்டில் போட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் உட்கார வைக்க வேண்டும். பிட் முழுசாக உட்கார்ந்ததா என்று உறுதி செய்யாமல் திருப்பாதீர்கள். தலை மழுங்கினால் அப்புறம் முழு யூனிட்டையும் இறக்க வேண்டிவரும், அதாவது குழாய்களை அவிழ்க்க வேண்டிவரும். துரு இளக்கி அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டிருந்ததால் எனக்கு எல்லாம் 'டிக்' என்று விட்டுக்கொடுத்தன.

பெட்டியை நெம்பக் கூடாது. நெம்பினால் சீல் உட்காரும் முகம் காயப்படும். இரண்டு கையாலும் பிடித்து, நேராக, இலேசாக ஆட்டிக்கொண்டே இழுத்தேன். அது வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். உள்பக்கம் பிரேக் ஆயில் கசிந்திருந்தால் வால்வு சீல் போயிருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் இந்த வழியை விட்டுவிட்டு யூனிட்டையே மாற்றுங்கள். என்னுடையது உலர்ந்து சுத்தமாக இருந்தது. தண்டுகளின் மேல் தூசு படாமல் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக் கட்டிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

திறந்து பார்த்தது

இந்தப் பெட்டியைத் திறப்பதற்கென்று செய்யவில்லை. மூடியைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மூடியும் உடலும் சேரும் கோட்டில் சின்னச் சுழல் கருவியின் மெல்லிய வெட்டுத் தகடால் கோடு இழுத்தாற்போல வெட்ட வேண்டும். ஆழமாகப் போனால் போர்டைக் கிழிக்கும். கனெக்டர் பக்கம் இன்னும் கவனம். அண்ணன் தகட்டுக்கு ஒரு டேப்பைச் சுற்றி, இதற்கு மேல் இறங்காது என்று எல்லை வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாயிற்று. நான்கு பக்கமும் சுற்றி வெட்டியபின் மழுங்கிய கத்தியை நுழைத்து, மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். பிளாஸ்டிக் தூளை பிரஷ்ஷாலும் வாக்குவத்தாலும் முழுக்க எடுத்த பிறகே போர்டைப் பார்த்தோம்.

வெறும் கண்ணுக்குப் போர்டு புதுசு மாதிரி இருந்தது. கருகிய இடம் இல்லை, பச்சை பூத்த இடம் இல்லை. அண்ணன் கண்ணில் லூப்பை, அதாவது பெரிதாகக் காட்டும் கண்ணாடியை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக வெளிச்சம் அடித்தால் ஈயம் மின்னி எல்லாவற்றையும் மறைத்துவிடும், சாய்த்து அடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழும் என்றார். கனெக்டர் பின்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் ரிலே கால்களிடம் வந்ததும் நின்றார்.

"இங்க பாரு தம்பி. ஃப்ளைபேக் காலுல வர்ற அதே வெடிப்பு."

பார்த்தேன். தடித்த பின்னைச் சுற்றி ஈயம் கூம்பாக ஏறியிருக்கிறது. அந்தக் கூம்புக்கு நடுவே, பின்னை ஒட்டி, மயிரிழையில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்துக்கு உள்ளே இருக்கும் ஈயம் பின்னோடு ஒட்டியிருக்கிறது, வெளியே இருக்கும் ஈயம் போர்டோடு ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே தொடர்பு இல்லை. பல் குத்தும் குச்சியால் ரிலேயை அசைத்தபோது பின் தனியாக, போர்டு தனியாக அசைந்தது. அதே மாதிரி இன்னொன்று, மோட்டார் பிளக்கின் பெரிய பின்னில், பாதி வட்டமாக.

ஏன் அந்தக் கால்களில் மட்டும்? பழைய பெட்டி டிவிக்குள் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் காலில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது என்று அண்ணன் சொன்னார். கனமான பாகம், தடித்த கால், நிறைய கரண்ட். உலோகப் பின் சூட்டில் ஒரு அளவு நீளும், போர்டு வேறு அளவு விரியும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் ஈயம்தான் தாங்கிக்கொள்கிறது. மிச்சிகன் குளிரிலிருந்து என்ஜின் சூட்டுக்கும், திரும்பக் குளிருக்கும் ஆயிரக்கணக்கான முறை. அதோடு சட்டத்தின் அதிர்வு வேறு. இருபது வருடத்துக்கு மேல் உழைத்த ஈயம் சோர்ந்து வெடித்திருக்கிறது. ரிலே நன்றாக இருக்கிறது, சிப் நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு வெடிப்புக்காகத்தான் முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னார்கள்.

வெடித்ததன் மேலேயே சூடு காட்டி உருக்கிவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். வெடிப்புக்குள் ஆக்சைடு படிந்திருக்கும், அதைப் புது ஈயம் மூடிக்கொண்டு பளபளக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். முதலில் அந்த இடங்களில் இருந்த பாதுகாப்புப் பூச்சைச் சுரண்டினார். அந்தப் பூச்சு எரிந்தால் புகை நெஞ்சைப் பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சால்டரிங் அயனில் அகலமான பிட்டைப் போட்டு, செம்புப் பின்னல் திரியால் பழைய ஈயத்தை எடுத்தார். தடித்த பின் சூட்டை இழுத்துக்கொண்டே போகும். ஊசிமுனைப் பிட்டால் இதைச் செய்யப் பார்த்தால் ஈயம் உருகுவதற்குள் போர்டிலிருந்து செம்புத் தகடு பெயர்ந்துவிடும். பெரிய பிட், 380 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு, குறைந்த நேரம். அதுதான் அவருடைய முறை.

வைத்தது 63/37 ஈயம். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். இந்தக் கலவை 183 டிகிரியில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக உறையும். இடையில் கூழாக நிற்கும் நிலை இல்லாததால், உறையும்போது கை ஆடி உள்ளே விரிசல் விழும் ஆபத்து குறைவு. இப்போது அதிகம் விற்கும் காரீயம் இல்லாத வகை 217 டிகிரி பக்கத்தில்தான் உருகும். பழைய போர்டுக்கு அத்தனை சூடு தேவையில்லை, பழைய ஈயத்தோடு அதைக் கலக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வெடித்த இரண்டோடு நிறுத்தவில்லை. ரிலேயின் மற்ற கால்கள், மோட்டார் பிளக்கின் இன்னொரு பின், பேட்டரி பாசிட்டிவும் எர்த்தும் வரும் பெரிய பின்கள் எல்லாவற்றையும் அதே மாதிரி எடுத்துவிட்டுப் புதுசாக வைத்தோம். இன்று வெடிக்காதது அடுத்த குளிர்காலத்தில் வெடிக்கலாம். பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறக்க முடியாது. சின்னச் சிப்களின் கால்களில் கை வைக்கவில்லை, அங்கே குறை இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஃப்ளக்ஸைக் கழுவி, காயவிட்டு, லூப்பில் மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தோம். நல்ல ஈயப் பற்று பின்னைச் சுற்றிக் குழிந்த சரிவாக ஏறியிருக்கும். உருண்டையாக உட்கார்ந்திருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

மூடி ஒட்ட சிலிக்கோன் பசை. வாங்கும்போது கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அமிலம் விடும், அது செம்பை அரிக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும், வாடை இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய கோடு முழுக்க இடைவெளி விடாமல் பூசி, ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். இந்தப் பெட்டி உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்துக்குப் போகிறது. ஈயம் எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் மூடி ஒழுகினால் ஒரு குளிர்காலம் தாங்காது. மேலே இன்னொரு பூச்சும் கொடுத்தேன்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மாட்யூலை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். ஆனால் அதுவும் அதே வயசு, அதே சாலை, அதே ஈயம். வாங்கினாலும் திறந்து இதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும். சால்டரிங் கை வராதவர்களுக்கு, மாட்யூலைத் தபாலில் வாங்கிச் சரிசெய்து திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன. கழற்றி மாட்டுவது மட்டும் உங்கள் வேலையாகிவிடும். அது வரும்வரை வண்டியை ஓட்டாமல் நிறுத்திவையுங்கள்.

மாட்டியதும் சோதனையும்

மாட்டும்போது அலுமினியக் கட்டியின் முகத்தைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, காயில்களைத் தண்டுகளுக்கு நேராகப் பிடித்து, கையால் மட்டும் தள்ளி உட்கார வைத்தேன். போல்ட்டுகளை முதலில் விரலால், பிறகு குறுக்கும் நெடுக்குமாகச் சமமாக. பிளாஸ்டிக் பெட்டி, சின்ன போல்ட், பலம் காட்ட வேண்டாம். கனெக்டர்களை மாட்டி, பூட்டுகளை அழுத்தி, பேட்டரியைக் கொடுத்தேன்.

சாவி போட்டதும் இரண்டு விளக்கும் எரிந்து அணைந்தன. ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்தேன். தெருவில் மெல்ல நகர்ந்தபோது காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தமும் ஒரு சின்ன உறுமலும் கேட்டன. மாட்யூல் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு பம்ப்பை ஒரு கணம் ஓட்டிப் பார்க்கிறது. விளக்கு எரிந்திருந்த நாட்களில் இந்தச் சத்தம் வரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெடல் கெட்டியாக இருக்கிறதா, ஆயில் மட்டம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத பெரிய பார்க்கிங் மைதானத்துக்குப் போனேன். ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய பகுதி இருந்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து ஓங்கி மிதித்தேன். பெடல் காலுக்குள் உதறியது, சக்கரங்கள் பூட்டவில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பிய பக்கம் வண்டி திரும்பியது. ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, மேடு பள்ளமான ரோட்டில் இறக்கி, மறுபடியும் அதே சரளையில் மிதித்துப் பார்த்தேன். அதே உதறல், அதே கட்டுப்பாடு. விளக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு முழுக் குளிர்காலம் உப்பில் ஓடியாயிற்று. இந்த வசந்தத்தில் அடிப்பகுதியைக் கழுவும்போது பெட்டியின் ஒட்டுக் கோட்டைப் பார்த்தேன், எங்கும் விடவில்லை. எர்த்தையும் பல்பை வைத்து அளந்தேன், 0.05 வோல்ட். ஆனால் சேசிஸ் சட்டத்தின் மேல் பின்பக்கமாகப் போகும் பிரேக் குழாயில் துருக் கொப்புளங்கள் தெரிகின்றன. அதற்கு செம்பு-நிக்கல் குழாய்ச் சுருளும் நட்டுகளும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வேலை அதுதான், அதில் பிரேக்கைத் திறந்தே ஆக வேண்டும்.